திருகோணமலை எருமைத் தயிர்: சட்டிக்கு முன் பட்டியைப் பாருங்கள்

கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வரும் வீதியோரம், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், நகரச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகள் என்று எங்கே நின்றாலும் மண்சட்டியில் எருமைத் தயிர் வாங்கலாம். அடுக்கி வைத்த சட்டிகள் வெளியில் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது அப்படி இல்லை. காசுக்கு முழுப் பெறுமதி தரும் சட்டியும் வயிற்றுவலியைத் தரும் சட்டியும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கமாக இருக்கலாம். அதனால் இங்கே தனியொரு கடையை மதிப்பிடவில்லை. இந்த மாவட்டத்தில் விற்கிற எருமைத் தயிர் என்ற பொருளையே மதிப்பிடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்தப் பட்டிப் பாலை அன்றன்றே காய்ச்சி உறைபோட்டு, எப்போது உறைபோட்டது என்று தயங்காமல் சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் கொடுங்கள். தயிரின் கட்டியும் ருசியும் பாதுகாப்பும் அடுப்படியில் தீர்மானமாவதைவிட மாடுகளை அடைக்கும் காலையில்தான் கூடுதலாகத் தீர்மானமாகின்றன. கன்று வயிறாரக் குடிக்கிற பட்டியில்தான் நல்ல தயிர் கிடைக்கிறது. இது இரக்கத்துக்காகச் சொல்லும் வார்த்தை மட்டுமல்ல, அதற்குக் கணக்கும் இருக்கிறது.

முதலில் சட்டியைத் திறந்து பார்ப்போம். மேலே ஆடை இருக்க வேண்டும். எருமைப் பாலில் கொழுப்பு 6 முதல் 8 வீதம் வரை இருக்கும், பசுப்பாலில் ஏறக்குறைய 4 வீதம்தான். உறையும் நேரத்தில் அந்தக் கொழுப்பு மேலேறி மெல்லிய தோலாகப் படியும். ஆங்காங்கே சுருங்கியிருந்தால் இன்னும் நல்லது. மேற்பரப்பு கண்ணாடிபோல வழுவழுவென்று ஆடையே இல்லாமல் இருந்தால், பாலிலிருந்து கொழுப்பை எடுத்திருக்கிறார்கள் அல்லது பால்மாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள்.

கரண்டியால் ஒரு வெட்டு வெட்டி எடுங்கள். குழியின் சுவர் கத்தியால் வெட்டிய தொதல்போல நிமிர்ந்து நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் குழியின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு நீர் ஊறும். அந்த நீர் தெளிவாக, இளம்பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் சரி. பால்போலக் கலங்கியிருந்தால் தயிர் முழுதாக உறையவில்லை. சட்டி முழுக்க நீர் மிதந்து தயிர் தீவுபோல நடுவில் நின்றால், அதிக சூட்டில் உறைந்திருக்கிறது, அல்லது உறையும்போது சட்டியை அசைத்திருக்கிறார்கள், அல்லது புளித்துப் பல நாளாகிவிட்டது.

எருமைத் தயிரின் நிறம் வெள்ளை. புல்லில் உள்ள மஞ்சள் நிறச் சத்தை எருமை உடலுக்குள்ளேயே விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது, பசு முழுவதையும் மாற்றுவதில்லை. ஆகவே எருமைத் தயிர் என்று விற்கும் சட்டி மஞ்சள் அடித்தால் பசுப்பால் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். பசுத்தயிரில் குற்றமில்லை. அதை எருமைத் தயிரின் விலைக்கு விற்பதுதான் குற்றம். லேசான புகைமணம் வந்தால் பயப்பட வேண்டாம், விறகடுப்பில் காய்ச்சிய பாலுக்கு அது உண்டு. மண்ணின் ஈரவாடை வந்தால் சட்டியைச் சரியாகச் சுடுநீரில் அலசிக் காயவைக்கவில்லை. தயிருக்குள் ஊசிக்குத்துப் போலச் சின்னச் சின்னத் துளைகளும் வாயு வாடையும் இருந்தால் அந்தச் சட்டியை உண்ணவே வேண்டாம். காய்ச்சிய பிறகு அழுக்குத் தண்ணீரோ கழுவாத கையோ சாணத் தூசியோ பட்டிருக்கிறது. கரண்டியில் நூல்போல இழுபடும் தயிரும் இப்படித்தான்.

இந்தக் கட்டி எங்கிருந்து வருகிறது? தம்பலகாமத்து வயல்வெளியும் கந்தளாய்க் குளத்தின் நீரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் தாழ்நிலமும் எருமைக்கென்றே அமைந்த இடங்கள். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிட மிகக் குறைவு, தோலோ கறுப்பு. வெயில் ஏறினால் உடலைத் தணிக்க அதற்குத் தண்ணீரும் சேறும் வேண்டும். உச்சி வெயிலில் சேற்றில் கிடக்க இடமில்லாத எருமை மேய்வதைக் குறைத்துக்கொண்டு மூச்சு வாங்கும், பாலும் வற்றும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளங்கள் வற்றும்போது தயிர் குறைவதும் விலை ஏறுவதும் இதனால்தான். அந்த நாட்களில் மட்டும் எந்தக் குறையுமில்லாமல் மலைபோலச் சட்டி அடுக்கி வைத்திருக்கும் கடையைப் பார்த்தால் பால் எங்கிருந்து வருகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

மாரிமழைக்குப் பின் புல் தழைக்கும். ஆனால் பெரும்போகம் விதைத்த வயல்களுக்குள் மாடு போகக் கூடாது. பட்டிகளைக் காட்டோரத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் கொண்டுபோய், அறுவடை முடிந்த பிறகுதான் ஒட்டு வயலுக்கு இறக்குவார்கள். மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க இந்த நடை நீளுகிறது. நீளுகிற ஒவ்வொரு மைலுக்கும் பால் குறைகிறது. நல்ல தயிர் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மேய்ச்சல் தரைக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். இரண்டும் ஒரே விஷயம்.

இனிக் கன்றின் கணக்கு. நாட்டெருமை ஒன்றிடம் ஒரு நாளைக்குக் கறந்தெடுக்கக் கூடியது பெரும்பாலும் ஒன்றிரண்டு லீற்றர். முரா, நிலி-ராவி என்ற வெளிநாட்டு எருமை இனங்களின் கலப்பு என்றால் கூடும். கன்றுக்கோ ஒரு நாளைக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும், 25 கிலோக் கன்று என்றால் இரண்டரை லீற்றர். இங்குள்ள பட்டிகளில் வழக்கமாகக் காலையில் ஒரு தடவைதான் கறப்பார்கள். மாலையில் கன்றுகளைப் பிரித்துத் தனியே அடைப்பார்கள். விடியற்காலையில் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தாயிடம் விடுவார்கள். கன்று முட்டி முட்டி ஊட்ட, இரண்டு மூன்று நிமிடத்தில் பால் இறங்கும். பிறகு கன்றைத் தாயின் கண்முன்னே கட்டிவிட்டுக் கறப்பார்கள். முடிந்ததும் கன்று நாள் முழுக்கத் தாயோடு மேயும்.

இந்தப் பழைய முறை ஒழுங்காக நடந்தால் கன்றுக்குக் குறையில்லை. பெருநாள், சித்திரை வருடப்பிறப்பு, கலியாணக் காலம் என்று கேள்வி கூடும் நாட்களில்தான் கெடுகிறது. நான்கு காம்பையும் ஒட்டக் கறந்துவிட்டு வெறும் மடியில் கன்றை விடுகிறார்கள். அதன் அடையாளம் மறைக்க முடியாதது: கன்றின் விலா எலும்பு தெரியும், மயிர் மங்கிச் சிலிர்க்கும், பின்பக்கம் கழிச்சலில் ஒட்டியிருக்கும். கன்று செத்தால் எருமை பாலை இறக்காது, அந்தக் கறவைக் காலமே போய்விடும். ஆகவே ஒரு காம்பைக் கன்றுக்கென்று கைவைக்காமல் விடுவது, முதல் மாதத்தில் இரண்டு காம்பை விடுவது, கன்று பிறந்த முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பால் (ஈன்றதும் சுரக்கும் முதல் பால்) அதன் வயிற்றுக்குள் போய்விட்டதா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் செய்கிற பட்டிக்காரர் நட்டப்படுவதில்லை. கடும்புப் பாலைத் தயிருக்குச் சேர்ப்பவர்களும் உண்டு. அது காய்ச்சும்போதே திரியும், சட்டி முழுதும் கெடும். கன்று போட்டு முதல் ஒரு வாரப் பால் தயிருக்கு ஆகாது.

பட்டியில் பார்க்க வேண்டியவை வேறும் உண்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொடையில் பெரிதாகக் குறிசுடும் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. களவு போகும் மாட்டை அடையாளம் காணத்தான் செய்கிறார்கள், காரணம் புரிகிறது. ஆனாலும் சுட்ட புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்தால் வாரக்கணக்கில் மாடு மேயாது. காதில் இலக்கத் தகடு போடும் முறை இருக்கும்போது ஒரு மிருகத்தின் மேல் அரை அடி நீளத்துக்கு எழுத்துச் சுட வேண்டியதில்லை. அடுத்தது மாரிக் குளிர். 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலை ஒட்டி வந்த குளிர் காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. மெலிந்து, நனைந்து, காற்றுக்கு மறைவில்லாமல் நின்றவைதான் முதலில் விழுந்தன. மாட்டுக் காலைக்குள் இரண்டடி உயர மண்மேடு, வாடைக்காற்று வரும் பக்கம் கிடுகால் ஒரு மறைப்பு, மழைக்கு முன்பே சேர்த்து வைத்த வைக்கோல்: இவ்வளவுதான் செலவு.

பிரித்தானியாவில் 1965இல் பிரம்பெல் குழுவின் அறிக்கையிலிருந்து தொடங்கி, 1979இல் பண்ணை மிருக நல மன்றம் வகுத்த ஐந்து சுதந்திரங்கள் என்று ஒன்று உண்டு: பசி தாகம் இல்லாமை, உடல் வசதி, வலியும் நோயும் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, அச்சமும் துன்பமும் இல்லாமை. உலகெங்கும் பண்ணைகளை அளக்க இன்றைக்கும் அதையே அடியாகக் கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய ஹியூமேன் ஃபார்ம் அனிமல் கெயார் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு பண்ணைகளை வருடத்துக்கு ஒரு தடவை நேரில் பார்த்துத்தான், மிருகங்களை நன்றாகப் பராமரிப்பதற்கான தன் முத்திரையைப் புதுப்பிக்கிறது. ஐந்து சுதந்திரங்கள் என்ற அந்த அளவுகோலைக் கொட்டியாரத்துப் பட்டிக்கு வைத்துப் பார்த்தால், இயல்பாக மேய்வது, சேற்றில் புரள்வது, கன்றோடு திரிவது ஆகியவற்றில் எங்கள் எருமைகள் கொட்டிலுக்குள் கட்டி வளர்க்கும் பல நாட்டு எருமைகளைவிட மேலான நிலையில் இருக்கின்றன. நோய், மருந்து, வறட்சிக் காலப் பசி ஆகியவற்றில் பின்தங்கி நிற்கின்றன. மண்சட்டியில் முத்திரை ஒட்டி வருவதில்லை. ஆகவே வாங்குகிறவர்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நோயும் மருந்தும்தான் தயிர்ச்சட்டியின் மறைந்த பக்கம். மடிவீக்கம் வந்த எருமையின் பாலில் உப்புச்சுவை ஏறும், உறைவது தளரும். தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கறக்குமுன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். கட்டி, நூல், இரத்தச் சாயல் எது தெரிந்தாலும் அந்த எருமையைக் கடைசியாகக் கறந்து, அந்தப் பாலைக் கொட்ட வேண்டும். அந்த முதல் பீச்சலில்தான் கிருமியும் அதிகம் என்பதால் நல்ல எருமையானாலும் அதை வாளியில் சேர்க்கக் கூடாது.

மடிக்குள்ளோ ஊசியாகவோ நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்தால், மருந்துப் பெட்டியில் எழுதியிருக்கும் விலகல் காலம் முடியும்வரை பாலை விற்கக் கூடாது. மருந்துக்கு மருந்து அது சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் போகும். பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைப்பது தவறு, பெரும்பகுதி அப்படியே நிற்கும். இதில் தயிர்க்காரருக்கே ஒரு தண்டனை இருக்கிறது: உறையிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அந்த மருந்து கொல்லும். பால் நன்றாக இருந்தது, உறையும் நன்றாக இருந்தது, இருந்தும் பத்து மணித்தியாலமாகியும் தயிர் தண்ணீராக நிற்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மருந்து போட்ட மாட்டின் பாலைத்தான். பல பட்டிப் பாலை ஒன்றாகச் சேர்க்கும் இடத்தில் ஒரே ஒரு எருமையின் பால் முழு அண்டாவையும் கெடுத்துவிடும்.

மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் புருசெல்லோசிஸ் இன்னொன்று. இந்நோய் கண்ட மாடு கடைசி மாதங்களில் கன்று வீசும். அதன் பாலைப் பச்சையாகக் குடித்தவருக்கும், விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்தவருக்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் தொடரும். பால் புளித்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்பக் கூடாது. ஒழுங்காகக் காய்ச்சினால் சாகும். பச்சைப்பாலில் உறைபோட்ட தயிர் தனி ருசி என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். மிருக வைத்தியர் பணிமனையில் பெண்கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசியும், பட்டிக்குக் கால்-வாய் நோய், தொண்டையடைப்பான் ஆகியவற்றுக்கான ஊசிகளும் பற்றிக் கேட்டு ஒழுங்காகப் போடுகிற பட்டிக்காரர் உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்.

உறைபோடுவதில் இரகசியம் ஒன்றுமில்லை, கவனம்தான் வேண்டும். கறந்த பால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அடுப்புக்கு வந்துவிட வேண்டும். எங்கள் வெக்கையில் பாலிலுள்ள கிருமி அரை மணித்தியாலத்துக்குள் இரட்டிப்பாகும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு காய்ச்சினாலும் அழியாது. அதனால் பிந்தி வந்த பாலை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது நல்ல பாலாகாது. துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியை நான்காக மடித்து வடிகட்ட வேண்டும். அகன்ற பாத்திரத்தில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதி வரவிட்டு, பிறகு தணலைக் குறைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் கிருமி சாவதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது: சூட்டில் பாலின் நீர்ப்பகுதியிலுள்ள புரதம் குலைந்து, கட்டியாகும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் நீர் விடாமல் இறுகுகிறது. கொதி வந்த உடனே இறக்குகிறவரின் தயிர் அடுத்த நாளே நீர் கக்கும்.

பிறகு 40 முதல் 45 பாகை வரை ஆறவிட வேண்டும். வெப்பமானி இல்லாதவர் கழுவிய சுண்டுவிரலை வைத்துப் பத்து எண்ணிப் பார்ப்பார். எண்ணி முடிக்க முடிந்து, ஆனால் சூடு நன்றாகத் தெரிந்தால் சரி. இதைவிடச் சூடான பாலில் போட்டால் உறை வெந்து சாகும். ஆறிப்போன பாலில் போட்டால் மெதுவாக உறைந்து, மற்றக் கிருமிக்கு இடம் கொடுத்து, கசப்பும் இழுபாடும் வரும். ஒரு லீற்றர் பாலுக்கு 20 முதல் 30 மில்லி லீற்றர், அதாவது மேசைக்கரண்டியில் ஒன்றரையிலிருந்து இரண்டு, உறை போதும். 10 லீற்றருக்கு ஒரு தேநீர்க் கோப்பைக்குச் சற்றுக் கூட. கொஞ்சம் கூடப் போட்டால் விரைவாக உறையுமே என்று அள்ளிப் போடுகிறவர்கள் புளிப்பையும் நீரையும்தான் வாங்குகிறார்கள். உறையைத் தனியே மென்மையாக அடித்து, கொஞ்சம் பாலில் கரைத்து, பிறகு முழுப் பாலிலும் கலந்து சட்டிகளில் ஊற்ற வேண்டும். சட்டிக்குள் ஊற்றிய பிறகு அசைக்கவே கூடாது. மூடி, சாக்கால் போர்த்து வைத்தால் ஐந்தாறு மணித்தியாலத்தில் உறையும். போர்க்காமல் அறைச் சூட்டில் விட்டால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலமாகும். உறைந்த உடனே குளிருக்குள் போக வேண்டும். பலர் தவறவிடும் படி இதுதான். உறைந்த பின்னும் வெளியில் நின்றால் ஒவ்வொரு மணித்தியாலமும் புளிப்பு ஏறும்.

உறையையும் பார்க்க வேண்டும். நேற்றைய சட்டியில் மிஞ்சியதை இன்றைக்கு, இன்றையதை நாளைக்கு என்று மாதக்கணக்கில் ஓட்டினால் நடுவில் எங்கோ ஒரு கெட்ட கிருமி சேர்ந்து எல்லாச் சட்டிக்கும் பரவும். நல்ல சட்டி ஒன்றின் நடுப்பகுதியிலிருந்து, மேலாடையை ஒதுக்கிவிட்டு, சுடுநீரில் அலசிய கரண்டியால் எடுக்க வேண்டும். இழுபாடோ துளையோ ஒரு தடவை தெரிந்தால் அந்த உறையை முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழி.

மண்சட்டி வெறும் அழகுக்காக இல்லை. அதன் நுண்துளைகள் நீரை உறிஞ்சித் தயிரை இறுக்கும். வெளிப்பக்கம் அந்த நீர் ஆவியாகிக் குளிர்விக்கும். ஒரு லீற்றர் பால் ஊற்றிய சட்டியில் இரண்டாம் நாள் மட்டம் இறங்கியிருப்பது இதனால்தான், அதைக் களவென்று நினைக்க வேண்டாம். ஆனால் எடையில் ஏமாற்றும் வழி ஒன்று இருக்கிறது: அடி தடித்த சட்டி. வெளியே பெரிதாகத் தெரியும், உள்ளே கொள்வது குறைவு. வெறுஞ்சட்டி ஒன்றைக் காட்டச் சொல்லி உள்ளே விரலை விட்டு அடியின் தடிப்பைப் பாருங்கள்.

மூடியும் முக்கியம். பத்திரிகைத் தாளை நேரே தயிரின் மேல் போட்டு நூலால் கட்டுவது இன்னும் இருக்கிறது. அச்சு மை தயிரில் ஊறும், அந்தச் சட்டியை வாங்காதீர்கள். வாட்டிய வாழையிலை, அல்லது சுத்தமான உணவுத் தாள், அதன் மேல் இறப்பர் வளையம் போதும். வீதியோரக் கடைகளில் பெரிய குறை வெயில். தார்வீதிச் சூட்டில், வாகனப் புகையில், நண்பகல் முழுதும் மேசையில் அடுக்கியிருக்கும் முன்வரிசைச் சட்டியை எடுக்காதீர்கள். பின்னால் நிழலில், ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கலப்படத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தேக்கரண்டித் தயிரில் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் கலந்து கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, மருந்துக்கடை அயடின் ஒரு துளி விடுங்கள். கருநீலமானால் மாப்பொருள் கலந்திருக்கிறது. அயடினின் பழுப்பு நிறமே நின்றால் மாப்பொருள் இல்லை. ஜெலற்றின் போட்ட தயிர் கரண்டியில் பந்துபோலத் துள்ளும், ஒரு துண்டை வெதுவெதுப்பான நீரில் விட்டால் உருகிக் கரைந்துவிடும். உண்மைத் தயிர் உருகாது, துணுக்குத் துணுக்காக உடையும். பால்மாத் தயிருக்கு நாக்கில் மணல் தட்டுவதுபோல ஒரு கரகரப்பும், காய்ச்சிய இனிப்பும் இருக்கும்.

வாங்குமிடங்களை ஒப்பிட்டால், கொட்டியாரப் பக்கமும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் பட்டிக்காரர் வீட்டிலேயே உறைபோட்டு விற்கும் தயிருக்கு முதலிடம். ஆடை தடிப்பு, கட்டி நிச்சயம், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும். குறை என்னவென்றால் எல்லா நாளும் கிடைக்காது, சட்டிக்குச் சட்டி புளிப்பு மாறும், குளிர்ப்பெட்டி வசதி எல்லாரிடமும் இல்லை. காலை எட்டு மணிக்கு முன் போனால் நல்லது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு நகரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய தூரமும் இல்லை. கந்தளாய் வீதியோரக் கடைகள் பயணக்காரருக்கு வசதி. பால் நல்லதாக இருந்தாலும் வெயிலில் வைத்துக் கெடுக்கிறார்கள். தேர்ந்து வாங்கத் தெரிந்தால் மட்டும் அங்கே நிறுத்துங்கள். நகரக் கடைகளில் விற்பதில் பெரும்பாலும் பல இடத்துப் பால் சேர்ந்திருக்கும். குளிரில் இருப்பது நன்மை, பட்டி தெரியாதது தீமை. பிளாஸ்டிக் கோப்பையில் வரும் தொழிற்சாலைத் தயிரில் திகதி, உள்ளடக்கம் எல்லாம் அச்சிட்டிருக்கும், ஒரே ருசி. காய்ச்சல்காரர், கர்ப்பிணி, சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தெரியாத சட்டியைவிட அதுவே பாதுகாப்பு. மண்சட்டியின் இறுக்கத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கலியாண வீட்டுக்கு நூறு சட்டி எடுப்பவர்கள் கடைசி நேரத்தில் ஒரே இடத்தில் சொல்லக் கூடாது. அந்த நூறு சட்டிக்காகத்தான் கன்றின் காம்பு வற்றுகிறது, பால்மாவும் உள்ளே வருகிறது. மூன்று வாரத்துக்கு முன்பே இரண்டு மூன்று பட்டிக்காரரிடம் பிரித்துச் சொல்லி முற்பணம் கொடுங்கள். பலர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் சஹன் சாப்பாட்டின் முடிவில் வைக்கிற தயிர் நல்லதாக இருந்தால் விருந்தையே அதை வைத்துத்தான் பேசுவார்கள்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. "நானா, இது உங்கட பட்டிப் பாலா, வாங்கின பாலா? எப்ப உறை போட்டது? மருந்து போட்ட மாட்டுப் பாலை எத்தின நாள் விடுறீங்க?" மூன்றாவது கேள்விதான் ஆளைக் காட்டும். உண்மையில் பட்டி வைத்திருப்பவர் எந்த மாடு, எத்தனை நாள், அந்தப் பாலை என்ன செய்தார் என்று உடனே சொல்லுவார். "எங்கட மாட்டுக்கு வருத்தமே வாறதில்ல" என்பவர் ஒன்றில் பட்டியைப் பார்ப்பதில்லை, அல்லது பட்டியே இல்லை.

கெட்ட தயிர் கிடைத்தால் மூடியோடு அப்படியே குளிரில் வைத்து, வாங்கிய இடமும் நேரமும் குறித்து, பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டுபோங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மண்சட்டிக்கும் பொருந்தும். கலங்கிய மிச்சத்தைவிடத் திறக்காத இன்னொரு சட்டி அதே கடையில் இருந்தால் அவருக்கு அதுவே கூடுதல் உதவி.

வீட்டுக்கு வந்த சட்டியைச் சமைத்த மீன் கறிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மண் எல்லா வாடையையும் இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், ஒரு தட்டின் மேல் வையுங்கள், நீர் கசியும். முதல் இரண்டு நாளும் கித்துள் பாணியோடும் கதலிப் பழத்தோடும் உண்ண ஏற்றது. மூன்றாம் நாளிலிருந்து புளிப்பு ஏறும். அப்போது புட்டுக்கும் சோற்றுக்கும், ஐந்தாம் நாளுக்குள் மோருக்கும். ஈரமில்லாத கரண்டியால் ஒரு பக்கமாகவே வெட்டி எடுத்து வந்தால் மிச்சம் உடையாமல் நிற்கும். வெறுஞ்சட்டியைத் தயிர்க்காரர் திருப்பிக் கேட்டாலும் மறுபடி உறைபோடக் கொடுக்காதீர்கள். பழைய கொழுப்பும் கிருமியும் துளைக்குள் தங்கிவிடும், கழுவிப் போகாது. அடியில் ஒரு ஓட்டை போட்டால் கறிவேப்பிலைக் கன்று வைக்க அளவான சட்டி.